சித்குலில் சிக்னல் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பலேர்மோவில், வியா மக்வேதா தெருவில், ரெஜினா என்னை மறித்துக்கொண்டாள். மன்னார்ப் பிள்ளை. சேர்ச்சில் பூசை முடிந்து, ஜெலாத்தோ ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தவள்.

"அக்கா, இமயமலைக்குப் போனனீங்களாம்! படம் காட்டுங்கோ."

காட்டினேன். ஒரு கையில் ஜெலாத்தோ, மறு கையில் என் ஃபோன். பெருவிரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"மலை... மலை... கோயில்... ஆறு... திரும்பவும் மலை. அக்கா, நீங்கள் எங்கை?"

நான் எங்கே? அப்போதுதான் கவனித்தேன். ஒரு படத்திலும் நான் இல்லை!

செல்ஃபி எடுக்கத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். எடுத்தால் மூக்கு பெரிதாகி மலை சின்னதாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கலாம்தான். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சோடி சோடியாக நின்றார்கள்.

நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா, ஒரு வயதான இத்தாலிய அம்மா, செப்டம்பரில் தன் மகளிடம் தொரினோவுக்குப் போனார். ஒரு மாதம் எனக்கு விடுமுறை. என் மனிசர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மிலானோவில். ஃபோன் எடுத்தால் நான் "சாப்பிட்டியோ" என்று முடிப்பதற்குள், "அம்மா, பிறகு கதைக்கிறன்" என்பான். ஒரு மாதம் வீட்டுச் சுவரைப் பார்ப்பதா, இமயமலையைப் பார்ப்பதா? சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு டூரில் சேர்ந்துவிட்டேன்.

டூர் கம்பெனிக்காரர்களுக்குத் தனி ஆள் என்றால் ஒரு தலைவலி. அறையை இரண்டு பேருக்கு என்றுதான் போட்டிருப்பார்கள். அந்தக் குழுவில் தனியாக வந்த இன்னொரு பெண் பானுமதி. திருச்சி. என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டார்கள். துணை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோசம்.

எங்கே! அந்த அம்மா என்னோடு பேசினால்தானே?

அவர் ஃபோனோடு பேசினார். சிம்லாவில் ரிட்ஜ் மைதானத்துக்குப் போனோம். எல்லோரும் குதிரைச் சவாரிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் ஓரமாகப் போய் நின்று, "என்னங்க, ஒரு சர்ச் இருக்கு. மஞ்சக் கலர். நம்ம ஊர் சர்ச் மாதிரி உசரம் இல்ல. வெயில் அடிக்குது, ஆனா குளுருது..." என்று ஆரம்பித்தார். சராஹனில் பீமாகாளி கோயில். மரமும் கல்லும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய கோபுரம். நாங்கள் உள்ளே போய்க் கும்பிட்டு வெளியே வந்தும் இவர் வாசலில்தான். "கூரை கல்லுங்க. ஓடு இல்ல, பலகைக் கல்லு. சாமியைப் பார்க்க மாடி ஏறணுமாம், நம்ப முடியுதா?"

பதிலுக்கு இடமே விடவில்லை. அந்தப் பக்கத்து மனிதர் பாவம், வாய் திறக்கவே வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையும்தான். ஒரு கோயில் கூரையைப் பற்றி இத்தனை நேரம் கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

பிறகு சித்குல் போனோம். பாஸ்பா ஆற்றங்கரையில், மலைகளுக்குள் செருகி வைத்தது போல் ஒரு ஊர். பாதை அங்கே முடிகிறது. அதற்கப்பால் திபெத் எல்லைதான். மர வீடுகள், பச்சை நிறத்தில் ஆறு, மேலே பனி. பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்குவதாகத் திட்டம். மதியம் டிரைவர் வந்து சொன்னார் — கீழே கல் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. இன்றைக்கு இறங்க முடியாது.

கிடைத்த விடுதியில் ஏறினோம். கரண்ட் இல்லை. சிக்னலும் இல்லை. சோடிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீட்டு விளையாட உட்கார்ந்துவிட்டார்கள். பானுமதிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தில் நடந்தார். கோயில் பக்கம் மேலே ஏறினால் சில நேரம் கிடைக்கும் என்றார் விடுதிக்காரர். இவர் உடனே புறப்பட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

மூச்சு வாங்க ஏறினோம். கிடைக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருநாள் கதைக்காட்டி அவர் கோவிப்பாரோ, அக்கா?" என்று கேட்டேன். சும்மா ஆறுதலுக்குக் கேட்டதுதான்.

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டா தேவலையே. அவருக்குப் பேச்சு இல்லைங்க. மார்ச்ல ஸ்ட்ரோக். வலது பக்கம் முழுக்கப் போயிடுச்சு. இந்த டூருக்கு ரெண்டு டிக்கெட் போட்டதே அவர்தான். நாத்தனார் வந்து, நான் பார்த்துக்கறேன், நீயாவது போயிட்டு வான்னு தள்ளி விட்டாங்க. பார்த்துக்கற பொண்ணு செல்வி, ஃபோனை அவர் காதுல வைப்பா. நான் சொல்லுவேன்."

"அவருக்கு விளங்குமோ?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியல. கண்ணு முழிச்சிருக்கும். அவ்வளவுதான். நான்பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கேன்."

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னட்டைச் சொல்லுங்கோ அக்கா. நான் கேக்கிறன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். "ஆறு... பச்சையா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். "நீங்கதான் பக்கத்துலேயே உக்காந்து பார்க்கறீங்களே!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் குளிரில் அவருடைய உள்ளங்கை மட்டும் சூடாக இருந்தது.

மறுநாள் மதியம் பாதை திறந்தது. வேன் இறங்க இறங்க, ஒரு வளைவில், எல்லோருடைய ஃபோன்களும் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கின. டிங் டிங் டிங்... பெங்களூரிலிருந்து பிள்ளை, அமெரிக்காவிலிருந்து மருமகள், எங்கே போனீர்கள், என்ன ஆனீர்கள் என்று. என் ஃபோனும் ஒரு தடவை ஒலித்தது. ஆவலாக எடுத்துப் பார்த்தேன். ரோமிங் பற்றி டெலிபோன் கம்பெனி.

பானுமதி வீட்டுக்கு அழைத்தார். அவசரத்தில் ஸ்பீக்கர் அதுவாக அமுங்கிவிட்டது. செல்வியின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, நேத்து ஏன் கூப்பிடல? ஐயா சாப்பிடவே மாட்டேன்னுட்டாரு. ஃபோன் இருக்கற மேசையையே பார்த்துட்டு இருந்தாரு. சரி, மனசு கேட்காம நான் சும்மா ஃபோனை எடுத்துக் காதுல வச்சேன். தட்டி விட்டுட்டாரும்மா!"

"தட்டி விட்டாரா?"

"ஆமாம்மா, கீழ விழுந்துடுச்சு. ஒண்ணும் உடையல..."

"எந்தக் கை? செல்வி, எந்தக் கையால?"

"இடது கைம்மா."

"தட்டி விட்டாராம்ங்க! நான் பேசலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு!" என்று என் பக்கம் திரும்பினார் பானுமதி. முகமெல்லாம் கண்ணீர். புருசன் ஃபோனைத் தட்டி விட்டதற்கு இப்படிச் சந்தோசப்பட்ட ஒரு பெண்ணை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வேனில் சிலர் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். என் மகனுக்கு நான் ஒரு நாள் முழுக்கக் காணாமல் போனது தெரியாது. அவன் நல்ல பிள்ளை. தெரிந்திருந்தால் பதறியிருப்பான். தெரிய வழியில்லை... அவ்வளவுதான்.

அன்று மாலை கல்பாவில் தங்கினோம். ஆப்பிள் தோட்டங்களுக்கு எதிரே, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், கின்னர் கைலாசம். வெயில் சாயச் சாய மலை நிறம் மாறிக்கொண்டே போனது. பானுமதி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், ஃபோனை என் கையில் திணித்தார். "இத்தாலிலேர்ந்து வந்திருக்காங்கங்க, இவங்க சொல்லுவாங்க, கேளுங்க."

"வணக்கம் அண்ணை," என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். "மலை இப்ப செம்மஞ்சளா நிக்குது அண்ணை... உச்சியிலை தனியா ஒரு கல்லுத் தூண் தெரியுது. அதைத்தான் சிவலிங்கம் எண்டு கும்பிடினம். இப்ப அடியிலை இருட்டு ஏறிக்கொண்டு வருது..." இருட்டு உச்சிக்கு வரும்வரை சொன்னேன்.

பலேர்மோவுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தால் வீடு விட்டுப்போனபடியே இருந்தது. கழுவிக் கவிழ்த்த கோப்பைகூட அதே இடத்தில். பயணம் எப்படி என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஒரு வாரம் கழித்து பானுமதி அழைத்தார்.

"எனக்குச் சொல்ல ஊரு தீர்ந்துபோச்சுங்க. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்னத்தைச் சொல்ல? உங்க ஊரைச் சொல்லுங்களேன் அவருக்கு."

என் ஊரா? வேலைக்குப் போக, வேலையால் வர என்று இத்தனை வருடம் நடந்த ஊர். பார்த்தேனா? சந்தேகம்தான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை கபோ சந்தைக்குள் ஃபோனும் கையுமாக நுழைந்தேன். வாள்மீனின் தலையை ஐஸில் நட்டு வைத்திருப்பதைச் சொன்னேன். வியாபாரிகள் விலை கூவுவது நம் ஊர் ஒப்பாரி மாதிரி இழுபடுவதைச் சொன்னேன். அதற்கடுத்த சனி துறைமுகம். நாப்போலிக்குப் போகும் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை விழுங்குவதைச் சொன்னேன். தமிழில் தனக்குத் தானே கத்திக்கொண்டு நிற்கும் பெண்ணைத் துறைமுகக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மூச்சு மட்டும் கேட்கும். சில நேரம் கட்டிலின் சட்டத்தில் விரலால் தட்டும் சத்தம். அது சிரிப்பு என்கிறாள் செல்வி.

நான் சொல்லி முடிக்கும்வரை ஃபோனை வைக்காத ஒரே மனிதர் அவர்தான்.