அழகர்மலையில் ஓர் இருவாச்சி

அழகர்மலைக் காட்டில் எங்கள் வங்கிக்காரர்கள் எட்டுப் பேர் பறவை பார்க்கிறோம். அதாவது, மேலாளர் பறவையைப் பார்க்கிறார். நாங்கள் மேலாளரைப் பார்க்கிறோம். இருப்பது ஒரே ஒரு சிங்கப்பூர் பைனாகுலர். அது அவர் கழுத்தைவிட்டு இறங்குவதில்லை.

புதருக்குள் செம்பழுப்புச் சிறகோடு ஏதோ தாவுகிறது. "இருவாச்சி" என்கிறார் மேலாளர். உடனே ஆறு நோட்டுகளில் இருவாச்சி ஏறிவிடுகிறது. காசாளர் அதன் கொம்பு வைத்த பெரிய அலகைக்கூடப் பார்த்துவிட்டார். என் நோட்டு மட்டும் காலியாக இருக்கிறது.

வழிகாட்ட வந்த வனக்காவலர் மாயாண்டி என் காதருகே குனிகிறார். "அண்ணே, அது செம்போத்து. எங்க வீட்டு வேலியில தெனம் திரியும்."

"தெரியும்ணே" என்கிறேன். மதுரைக்கு மாற்றல் கேட்ட என் மனு, வாடிப்பட்டிக் கிளையில் மேலாளரின் மேசைமேல் மாதக்கணக்கில் கிடக்கிறது.

"செம்போத்தக் கண்டா நெனச்ச காரியம் நடக்கும்ணே. நல்ல சகுனம்."

மேலாளர் திரும்புகிறார். "என்னய்யா, நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். அருமையான இருவாச்சி."

அவர் முகம் மலர்கிறது. எனக்கு அந்தச் சகுனம் போதும்.