கறுப்பு வண்டியில் பதினோரு வட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு எஸ்யூவி வாடகைக்கு எடுத்து அமிர்தி அருவிக்குப் போகலாம் என்றேன். "டிரைவரோடயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "டிரைவர் நான்தான்" என்றதும் அவர் கையிலிருந்த சாம்பார் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பத்தாவது படிக்கும் மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காரணம் உண்டு. போன வருஷம் மச்சினருடைய காரை ஓட்டிப் பழகும்போது ஒரு கேட்டுத் தூணில் இடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குப் புருவத்தில் மூன்று தையல். அதற்குப் பிறகு நான் ஓட்டும் எதிலும் அவள் ஏறியதில்லை, ஸ்கூட்டியில்கூட. "எனக்கு பஸ்ஸே போதும்மா" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, மரியாதையாகச் சொல்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு நாள் அவளை ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் போய்த் திரும்ப வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸை பீரோவில் போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பாவும் வருகிறார் என்பதால் மட்டும் சம்மதித்தாள்.

காலையில் எங்கள் ஊர் ஆம்பூர் பைபாஸ் ஓரம் கறுப்பு வண்டி வந்து நின்றது. வாடகைக்காரர் சாவியைக் கொடுத்து, "பழைய கீறல் எல்லாம் இப்பவே பாத்துக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு போன் பேசப் போனார். வேறு யாராக இருந்தாலும் நாலு போட்டோ எடுத்திருப்பார்கள். நான் பன்னிரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவள். தோலில் ஒரு கீறலோ உண்ணி கடித்த தழும்போ கண்ணில் பட்டால், வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். பேனா கைப்பையிலேயே கிடக்கும். அவர் பேசி முடித்துத் திரும்புவதற்குள் வண்டியைச் சுற்றிப் பதினோரு வட்டம் போட்டுவிட்டேன்.

"மேடம், இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!"

"ரப்பரால தேச்சா போய்டும்ங்க" என்றேன். தோலில் போகும். காரில் தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளத்தது. சாயங்காலம் திருப்பித் தரும்போது ஒரு வட்டம் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் தலையில் கைவைத்தபடி முன்சீட்டில் ஏறினார். மகள் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

ஸ்கூட்டியில் போகும்போது நான் பார்ப்பதெல்லாம் லாரிச் சக்கரம்தான். அன்றைக்கு லாரிக்காரரின் மீசை தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பள்ளிகொண்டா வரை அறுபதைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும், ஹாரனுக்கும் வேலை வேண்டாமா. முந்திப் போனவர்கள் வட்டங்களைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"மெதுவா, மெதுவா" என்றார் இவர்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கித் தள்ளணும்."

வேலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பாய் எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார். வாணியம்பாடித் தோல் கம்பெனியில் வேலையாம்.

"இன்னாம்மா, முழுத் தோலும் ரிஜெக்ட்டா?"

"நான் செக்கிங்ல இருக்கேன், பாய்" என்றேன்.

"அதானே பாத்தேன். டேமேஜ் ரொம்ப ஜாஸ்திம்மா. மூணாம் கிரேடுக்குக்கூட தேறாது."

மகளுக்கு டீ புரையேறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தாள். சிரித்து முடித்து, பையிலிருந்து சானிடைசரை எடுத்தாள். "முதல்ல எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கலாம்மா, அப்புறம் அழிக்கலாம்." கைக்குட்டையில் தொட்டுத் துடைத்ததும் வட்டம் போய்விட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துடைத்தோம். அவள் புருவத்துத் தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. ஊர்த் தோலிலெல்லாம் குறை கண்டுபிடிக்கிற நான், ஒரு வருஷமாக அந்தத் தூண் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் பாக்காம திருப்பிட்டேன். தூண் மேல தப்பில்ல, என் மேலதான்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள், துடைப்பதை நிறுத்தாமல். "நீ சொல்லவே இல்லியேன்னுதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வட்டத்தைத் தேய்த்தேன்.

அமிர்திச் சாலையில், அகலம் குறைந்த ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. நான்தான் பின்னால் போக வேண்டும். இறங்கி வழி சொல்ல இவர் கதவைத் திறந்தார். "அப்பா, உக்காரு. அம்மா பாத்துக்கும்" என்றாள் மகள். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஒரு தடவை நிறுத்தி, மூச்சு விட்டு, அகலமான இடம் வரை பின்னால் கொண்டுபோய் ஒதுக்கினேன். பஸ் டிரைவர் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

அருவியில் பேருக்குத்தான் தண்ணீர் இருந்தது. மான்களைப் பார்த்தோம், எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கிளம்பும்போது மகள் முன்கதவருகே போய் நின்று, "அப்பா, நீ பின்னாடி போ" என்றாள். அவர் பின்னால் ஏறினார்.

பள்ளிகொண்டா தாண்டியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"நான் தூங்கறேம்மா. ஆம்பூர் வந்தா எழுப்பு."

ஆம்பூர் வந்தது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஊரைத் தாண்டி வாணியம்பாடி வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனேன்.