கானானியப் பெண்ணும் பூனைக்குக் கேட்ட சாளையும்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. அடுக்களையில் சுண்டலுக்குப் பயறு வெந்துகொண்டிருந்தது. அன்று மாலை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி, வேதம் வாசித்து, ஜெபித்து, சுண்டல் சாப்பிட்டுப் போகும் நாள். அதற்காகவே பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தேன். முன்னறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த என் மகள், ஒரு நாற்காலியோடு சேர்ந்து விழும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்கள் மேலே செருகியிருந்தன. கையும் காலும் வெட்டி இழுத்தன. நான் அவளிடம் போகவில்லை. வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன், சன்னல் திரையை இழுத்துவிட்டேன். அதன் பிறகுதான் வந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

மூன்று வருடங்களாக அப்படித்தான் பழகியிருந்தோம். பதினான்கு வயதில் அவளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். தினம் இரண்டு வேளை மாத்திரை. இங்கே தெரிந்தவர் கடையில் வாங்கினால் பேச்சு பரவும் என்று அங்கேயே வாங்கி வந்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பேன். என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் கடலில். "நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசும்போது இது வந்து நிக்கும், வெளியே விடாதே" என்று அவரும் சொல்லியிருந்தார். அன்பியத்தில் எல்லோரும் பிள்ளையின் வேலைக்கு, மாமியாரின் மூட்டுவலிக்கு என்று மன்றாட்டுச் சொல்லும்போது நான் மட்டும் "என் தனிக் கருத்துக்காக" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அன்று மாலை நான் விளக்க வேண்டியிருந்த வாசகம் கானானியப் பெண்ணைப் பற்றியது. மகளுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று இயேசுவின் பின்னாலேயே கத்திக்கொண்டு போன தாய். தீர், சீதோன் பக்கத்துக்காரி, எங்களைப் போல் துறைமுகக் கரையில் வாழ்ந்தவள். வேதத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. இருபது வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வியில் அவளைத் தாழ்ச்சிக்கு உதாரணமாகத்தான் நான் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, அதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வாசலில் நின்றபோது மீன்கார அக்கா வந்தார். திரேஸ்புரத்திலிருந்து லோடு ஆட்டோவில் இன்னும் இரண்டு பெண்களோடு மீன் ஏற்றிக்கொண்டு எங்கள் முத்தையாபுரத்துக்கு வந்து தெருத் தெருவாக விற்பவர்.

"என்ன டீச்சர், பரிச்சைக்கா படிக்கிய?" என்றார்.

கதையைச் சொன்னேன். மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அவரு முதல்ல பதிலே சொல்லலியா?"

"இல்லக்கா. கூட இருந்தவங்களும், கத்திக்கிட்டே வாரா, அனுப்பிவிடுங்கன்னு சொன்னாங்க."

"கத்தாம என்ன செய்வா? புள்ளைக்குல்லா சீக்கு."

"அதுதான் அவளோட தாழ்ச்சி. பிள்ளைங்க அப்பத்தை நாய்க்குட்டிக்குப் போடலாமான்னு அவர் கேட்டப்பக்கூடக் கோபப்படல. மேசையிலருந்து விழுற துண்டு போதும்னு சொன்னா."

அக்கா சுரண்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இதுவா தாழ்ச்சி? அவ பேரம்லா பேசுதா! முழுசாத் தரலன்னா சிந்துனதக் குடுன்னு கேக்கா. நீங்க பூனைக்கு ரெண்டு போடுன்னு கேப்பியள்லா, அந்த மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. விலை பேசி முடித்த பிறகு "பூனைக்கு ரெண்டு சாளை போடுங்கக்கா" என்று கேட்பது என் வழக்கம்தான். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போடுவார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அந்த இரண்டையும் என் மகளுக்குப் பொரித்துக் கொடுப்பேன். வாசலோடு போகிறவருக்கு அது தெரிய வழியில்லை என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னதை நான் குறிப்பில் எழுதவில்லை.

வழக்கமாக வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை பத்து நாற்பத்தேழாகியும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, வர நேரமாகும் என்றார்கள். அப்போதும் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை தளர்ந்தாள். கண் விழிப்பாள் என்று பார்த்தால் மறுபடி இழுத்தது. உதடு நீலமானது.

வெளியே, "சாளே... நெத்திலியே..." என்று குரல் கேட்டது.

கதவைத் திறந்தேன். வகுப்பில்கூட நான் அதிகம் சத்தம் போடுகிறவள் அல்ல. "அக்கா! என் மகளுக்கு வலிப்பு! யாராவது வாங்க!" என்று கத்தினேன். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

அக்கா மீன்கூடையை அப்படியே தெருவில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். எதிர்வீட்டு அம்மா ஒரு சாவிக்கொத்தை என் மகளின் கையில் திணித்தார். அதனால் பயனில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எடுத்துப் போடவில்லை. அக்கா தெருமுனையில் நின்ற லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, அதிலிருந்த மீன்பெட்டிகளைக் கீழே இறக்கச் சொன்னார். ஈரப் பலகையில் யாரோ போர்வை விரித்தார்கள்.

சாலையில் லாரிகள் அசையவில்லை. அக்கா ஆட்டோவின் பின்பக்கம் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, வண்டிய ஒதுக்குலே! புள்ள கெடக்கு பாரு!" அவரோடு சேர்ந்து நானும் கத்தினேன். மூன்று வருடம் எந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேனோ, அதையே வழி நெடுகச் சொல்லிக் கத்தினேன். ஒரு லாரி ஓட்டுநர் குதித்து இறங்கி முன்னால் ஓடி, வண்டி வண்டியாகத் தட்டி ஒதுங்க வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் உடம்பு தளர்ந்து தூங்கினாள். மருத்துவர், "மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று கேட்டார். "ஒரு வேளைகூட விட்டதில்லை" என்றேன்.

இரண்டரை மணிக்கு மகள் கண் விழித்தாள். அவளிடமும் கேட்டோம்.

"சாப்பாட்டுக்குப் பிறகுன்னுதானம்மா போட்டிருக்கு? நான் ஒருசந்தில்லா" என்றாள்.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்தே அவள் ஒருசந்தி நோன்பு. நாற்பது நாளும் மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. அதனால் காலை மாத்திரையும் இல்லை, இரவு மாத்திரையும் இல்லை. மூன்று வாரமாக எல்லாம் சத்து மாத்திரை டப்பாவிலேயே இருந்திருக்கின்றன. பதினேழு வயதில் இவ்வளவு பக்தியா என்று நான்தான் பூரித்துப்போய் எல்லோரிடமும் சொன்னேன். நோயை மறைத்தவள், ஒருசந்தியை மட்டும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"எதுக்கும்மா இத்தனை நாள் ஒருசந்தி இருந்தே?" என்றேன்.

"எனக்குச் சரியாகணும்னு நேந்துக்கிட்டேன். நீ யாருகிட்டயும் சொல்ல முடியாமக் கஷ்டப்படுதேல்லா."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கானானியப் பெண் கதவைச் சாத்தவில்லை. முன்பின் தெரியாத ஆண்கள் நடுவில், மகளின் நோயைத் தெருவில் வைத்துச் சொன்னாள். பதில் வராதபோதும் சொன்னாள். போகச் சொன்னபோதும் நின்றாள். தரமாட்டார் என்று நினைக்கிறவள் பேரம் பேசமாட்டாள். அவரிடம் இருக்கிறது, தருவார் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நிச்சயத்தைத்தான் இயேசு கடைசியில் 'உன் விசுவாசம் பெரிது' என்று மெச்சியிருக்க வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு இது பிடிபட, ஒரு லோடு ஆட்டோ தேவைப்பட்டது.

நான்கு மணிக்கு மீன்கார அக்கா வந்தார். மீனையெல்லாம் விற்று முடித்துவிட்டு, சேலையில் செதில் ஒட்டியபடி வந்து நின்றார். மகளின் நெற்றியைத் தடவிச் சிலுவை போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சருக்கு இவ்வளவு தொண்டை இருக்குன்னு தெரியாமப் போச்சே. நாளைக்கு மீன் ஏலத்துக்கு வாங்க, எனக்குக் கூட்டாளா இருக்கும்."

மகள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அழாதீங்க. நான் ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்குள்ள வந்தப்ப, காலுல பூனை கீனை மிதிபட்டிரும்னு பாத்துப் பாத்து நடந்தேன். பூனையவே காணோமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இல்லக்கா. அது இவளுக்குத்தான்."

"நெனச்சேன்," என்றார் அக்கா. "இனிமே புள்ளைக்குன்னே கேளுங்க டீச்சர். நாலு போடுதேன்."