வாசல்வரை எட்டிய பிரசங்கம்

நல்ல பிரசங்கம் எது என்று கேட்டால் எங்கள் சபையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெண்களுக்கு முந்தானை நனைய வேண்டும். சபைக் காரியம் பார்க்கிற டீக்கன்மாருக்கு மூன்று தலைப்பும் அதற்கு வசன ஆதாரமும் வேண்டும். எனக்கு இருந்தது ஒரே அளவு: வெளியே வாசலுக்கு நேரே பூவரச மரத்தடியில் நிற்கிற என் வீட்டுக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வருவாரா, மாட்டாரா?

ஐம்பதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் எங்கள் சபைக்கு ஓடு போட்ட சின்னக் கோயில். அவருக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. சபைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பாப்டிஸ்டுகளான எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் பிரசங்கம் முடிகிற வேளையில் தானாக எழுந்து, முன்னால் போய்ப் போதகர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகுதான் கடலில் முழுக்கு. முழுக்குக்குப் பிறகுதான் திருவிருந்து அப்பம். இவர் போகவேயில்லை. என்னைக் கொண்டுவந்து விடுவார், மரத்தடியில் நிற்பார், கூட்டிக்கொண்டு போவார். எட்டு வருஷமாக என்னோடு ஒரே சட்டிச் சோறு தின்கிறவருக்கு இந்த அப்பத்தில் பங்கில்லையே என்று மாதாமாதம் அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாது.

எத்தனையோ பேர் வந்து பிரசங்கம் செய்தார்கள். மேசையைக் குத்தியவர்கள் உண்டு. நரகத்தை அடுப்புக்குள் கைவிட்டுப் பார்த்ததுபோல் விவரித்தவர்களும் உண்டு. இவர் அசையவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், "இன்னைக்கு இன்னா சொன்னாரு?" என்று கேட்பார். நானும் ஒன்றுவிடாமல் சொல்வேன். "நல்லா கீது" என்பார். அந்த "நல்லா கீது"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வாரம் எங்கள் போதகரின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். இயேசு செத்தவனை உயிரோடு எழுப்பிய பகுதியை வாசித்தார். வேதத்தை மூடினார்.

"இதை எத்தனையோ தடவை பிரசங்கித்துவிட்டேன். இன்றைக்கு என்னால் முடியவில்லை. எனக்கும் சேர்த்து நீங்கள் நம்பிக்கொள்ளுங்கள்" என்றார்.

அவ்வளவுதான் பிரசங்கம். அப்புறம் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழுதார். சின்ன வசனத்துக்குக்கூட ஆமென் போடுகிற கூட்டம் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

அப்போதுதான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பினேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார். எட்டு வருஷ ஜெபம் நடுவழியில் நடந்து வருகிறது! ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்ற வரம்பெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. என் பெஞ்சுக்கு நேரே வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்தார்.

அன்றைக்குத் திருவிருந்து. மூத்த டீக்கன் தட்டை என்னிடம் நீட்டினார், வழக்கப்படி அவரைத் தாண்டிப் போனார். சந்தோஷத்தில் எனக்குப் புத்தி எங்கே இருந்தது? என் துண்டில் பாதியைக் கிள்ளி அவர் கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

டீக்கன் பார்த்துவிட்டார். முழுக்குப் பெறாதவருக்கு அப்பம் கொடுத்த குற்றத்துக்காக மூன்று மாதம் என்னைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டேன், சட்டம் எனக்குத் தெரியாததா? அவர்தான் ஏற்கவில்லை. "உன்னயே தள்ளி வச்ச எடத்துல எனக்கு இன்னா மே வேலை?" என்றார். அதன்பிறகு மரத்தடிக்குக்கூட அவர் வரவில்லை.

அதற்குப் பின் பெரிய பெரிய பிரசங்கங்கள் கேட்டேன். எல்லாம் காதோடு போயின.

பல வருஷம் கழித்து, நெஞ்சுவலியோடு அவர் படுத்திருந்த ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு எதுக்குங்க உள்ள வந்தீங்க?"

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அந்த மனுசன் ஒண்டியா நின்னு அழுதுகினு இருந்தாரு. ஒருத்தரும் எழுந்து போவல. சரி, நாம போயி கூட நிப்போம்னுதான் வந்தேன். நீதான் நடுவுல கையப் புடிச்சி ஒக்கார வச்சிட்ட."