மூன்று மணிக்குக் கிணற்றை அளக்கும் இயக்குநர்கள்

அம்மாவின் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு என் பெயருக்கு வந்ததிலிருந்து, கிருஷ்ணகிரிக்கு அருகே மா விவசாயிகள் சேர்ந்து நடத்தும் மாங்கூழ் கம்பெனியில் நானும் பங்குதாரர். இயக்குநர் குழுவில் ஓர் இடம் காலி, சேர்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். போன வருட வெயிலில் பூவெல்லாம் கருகியதைப் பார்த்தவள் நான். இதையெல்லாம் இந்தக் குழு யோசிக்கிறதா என்று தெரியாமல் கையெழுத்துப் போடப் பயம். சென்ற செவ்வாய், எட்டு மாத மகளோடு ஓசூரில் பஸ் ஏறினேன்.

கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, இருநூற்று இருபது. "கொழந்தய தூக்கிக்கினு மீட்டிங்காம்மா? வெயிலு என்னா போடு போடுது!" என்றார் ஓட்டுநர். ஏற்கெனவே எனக்கு அதே கவலைதான்.

கூட்டம் இரண்டு மணிக்கு. இரண்டாவது கூழ் இயந்திரம் வாங்குவதா, அதற்குத் தண்ணீர் போதுமா என்பதுதான் பேச்சு. "தண்ணிக்குக் கவலையே இல்ல, கிணத்துல முப்பத்தாறு அடி நிக்குது," என்றார் மேலாளர்.

"எப்ப அளந்தப்பா?" என்றார் தலைவர் சரோஜா அக்கா.

"காலைல ஆறு மணிக்குக்கா."

"ராத்திரி பூரா ஊறினத காட்டறியா கண்ணு?"

"காலைல ஆறு மணிக்கு எங்க மாமியாகூட நல்லவங்கதான்!" என்றார் இயக்குநர் முனிராஜு. அறையே சிரித்தது.

இங்கே ஒரு வழக்கம். மோட்டார் காலையிலிருந்து ஓடி முடித்த பிறகு, இயக்குநர்கள் எல்லோரும் நேரில் அளக்காமல் எந்த இயந்திரத்துக்கும் ஒப்புதல் கிடையாது. மூன்று மணிக்கு ஐந்து பேரும் கிணற்றடிக்கு நடந்தார்கள். கல் கட்டிய கயிறு இறங்கியது. தண்ணீர் பதினோரு அடிதான்.

இரண்டாவது இயந்திரம் தள்ளிப்போனது. முதலில் கூரை மழைநீருக்குக் குட்டை. மா குறைந்தால் இருக்கும் இயந்திரத்திலேயே ராயக்கோட்டைத் தக்காளியை அரைப்பது. மேலாளர் முகம் சுருங்கியதுதான், ஆனாலும் 'என் அளவு தவறு' என்று தீர்மானப் புத்தகத்தில் அவரே எழுதினார். பெரிய கம்பெனிகளின் வழவழ அறிக்கைகளைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். எதிலும் இப்படியொரு வரியைப் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: குழந்தையைப் படுக்க வைக்க அங்கே இடமில்லை, ஒரு பழக்கூடையில் துண்டு விரித்துத்தான் சமாளித்தேன். குடிநீர் எடுத்துப் போங்கள். உங்களுக்கும் இப்படியொரு கம்பெனியில் பங்கு இருந்தால், எவ்வளவு தண்ணீர் என்பதோடு எந்த நேரத்துத் தண்ணீர் என்றும் கேளுங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கயிறு பிடிப்பது முறை வைத்துத்தானாம். அடுத்த கூட்டத்தில் என் முறை.