மூன்று பத்துக்கு எடுத்த படம்

பேய், சகுனம் என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, யாராவது ஆரம்பித்தாலே எரிச்சல் வரும். ராஜபாளையத்தில் பதினெட்டு வருடமாக ஸ்கேன் பார்க்கிற டாக்டர் நான், திரையில் தெரிவதை மட்டும்தான் நம்புவேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை சோழபுரத்து முத்துலட்சுமிக்கு சிறுநீரக பயாப்சி, அதாவது ஊசி வழியாகத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. மில்லில் வேலை பார்க்கிற பெண், இரண்டு வயதில் குழந்தை. எடுத்த கையோடு ஸ்கேன் பார்த்தேன், ரத்தக்கசிவு இல்லை. இனி அசையாமல் படுத்திருக்க வேண்டும், போகிற சிறுநீரை ஒவ்வொரு முறையும் பாட்டிலில் பிடித்துக் கட்டிலடியில் வரிசையாக வைக்க வேண்டும், சிவந்தால் உடனே தெரிந்துவிடும். கூட இருந்த நாத்தனாரிடம் நர்ஸ் இதைச் சொல்லித்தான் அனுப்பினாள்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, காலையில் அச்சான படங்களை அடுக்கினேன். நம்பினால் நம்புங்கள், நடுவில் ஒரு படம், முத்துலட்சுமி பெயர், சிறுநீரகத்தைச் சுற்றி நாலு சென்டிமீட்டருக்கு ரத்தம் கட்டியிருக்கிறது, மூலையில் நேரம் மூன்று பத்து. அப்போது மணி இரண்டுதான். மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டிராயரில் போட்டு மூடினேன். மாடி வார்டுக்கு ஒரு நடை போய் அவளைப் பார்த்திருக்கலாம், போகவில்லை.

மூன்று மணிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், முகமெல்லாம் வெளுத்து, நாடி படபடவென்று ஓடியது. கட்டிலடியில் ஒரு பாட்டில்கூட இல்லையாம். ஸ்கேன் வைத்துப் படம் எடுத்தேன். டிராயரில் கிடந்த அதே படம், அதே அளவு, மணி மூன்று பத்து.

மதுரைக்குக் கொண்டுபோகும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுவாரம் நாத்தனார் ஆஸ்பத்திரிப் பேப்பர்களை வாங்க வந்தாள்.

"பாக்க ஆளுக வந்துக்கிட்டே இருந்தாக டாக்டர். ஒண்ணுக்கு பாட்டில வரிசையா வைக்கக் கூச்சமா இருந்துச்சு, அப்பப்போ ஊத்திக் கழுவிட்டேன். நான் ஊத்தாம இருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

ஒரு மணி நேரம் முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்லாமல், பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அழுதுகொண்டே போய்விட்டாள்.

அந்த ஸ்கேன் தாள் சில வருடத்தில் தானாக வெளுத்துவிடும். நான் எடுத்தது வெளுத்து வெறும் தாளாகிவிட்டது. அதற்கு முன்னாலேயே தானாக வந்து டிராயரில் கிடந்ததை இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன். எழுத்து அப்படியே கறுப்பாக இருக்கிறது, இப்போதுதான் மிஷினிலிருந்து வந்த மாதிரி, தொட்டால் லேசாகச் சுடுகிறது.