லேயிலிருந்து மூன்று மணி நேரம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். இப்போது பாதி மறந்தும் போகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் போனது ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெரு முழுக்க பவர்லூம் தறி. சாவு விழுந்தால், பிணம் தெருமுனை தாண்டும்வரை யாரும் தறியைப் போடமாட்டார்கள். அன்றும் நிறுத்திவிட்டார்கள். ஓயாமல் கேட்ட சத்தம் நின்றதும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

ஒரே மகன். லடாக் மலைப்பக்கம், லே என்கிற ஊருக்கு மேலே ரோடு போடும் இடத்தில் மிஷின் ஓட்டுகிறான். அங்கே சிக்னல் கிடைக்காது. அவன் ஆபீசுக்குத் தகவல் சொன்னோம். அவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகுமென்று கொழுந்தனின் மருமகள் செல்லில் பார்த்தாள்.

"லே ஏர்போர்ட்லேர்ந்து நம்ம ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு ரெண்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டராம் பெரியத்தே. ஃப்ளைட்ல மூணு மணி நேரம்னு போட்டுகீது."

"மெட்ராஸ் பஸ்ஸே அத்தினி நேரம் இழுக்குது!" என்றார் கொழுந்தன். "அப்போ சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான் அண்ணி. வெச்சிக்கினு இருக்கலாம்."

தலையாட்டினேன். தெருவில் சிலர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேலயே பாத்துக்கினு இருந்தா கழுத்துதான் சுளுக்கிக்கும். ப்ளேன் என்னா ஷேர் ஆட்டோவா, நம்ம தெருவுல நிக்கறதுக்கு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்.

மத்தியானம் சாய்ந்தபிறகு மகன் லே ஊருக்கு இறங்கி வந்து போன் செய்தான்.

"எம்மா, இங்க காலையிலதாம்மா ப்ளேன். இன்னிக்கி எல்லாம் போயிட்ச்சு. நாளைக்கி டெல்லி போயி, ஐதராபாத்ல மாறி வரணும்."

"மூணு மணி நேரம்னாங்களே."

"அது மேப்புல கோடு இழுத்தா வர்ற கணக்கும்மா. அப்படி நேரா வர்ற ப்ளேனே கெடையாது."

அவன் வரும்வரை வைத்திருந்தால் சனிக்கிழமை ஆகிவிடும். சனியன்று எடுத்தால் இன்னொரு சாவு விழும் என்று எங்கள் பக்கம் பயம். தெருப் பெரியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கொழுந்தன் என்னிடம் வந்தார்.

"நீ சொல்லு அண்ணி."

"எடுத்துடுங்க" என்றேன். வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

கொழுந்தன் மகன் கொள்ளிச்சட்டி தூக்கினான். பாடை தெருமுனை திரும்பியதும் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. பிறகு அடுத்தது. முதலில் ஓடியது எந்த வீட்டுத் தறி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகன் வந்தான். அந்த ஊர் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. வேர்த்துக் கொட்டியது. நைனாவைக் கிடத்தியிருந்த இடம் எது என்று கேட்டான். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

இல்லாத ப்ளேனுக்கு எதற்கு நேரம் போடுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதிய தூரமும் நேரமும் சரிதானா என்று பாருங்கள். மகன் மறுபடியும் அந்த மலைப்பக்கம்தான் இருக்கிறான். அப்படி ஒரு ப்ளேன் இப்போதாவது விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.